நாற்பத்தொன்றின் இரண்டாவது படம்

கோப்பு வளராது. கஜதீபன் அதை வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறான். ஓர் எக்ஸ்ரே படத்தைக் கம்பியூட்டருக்குள் எடுத்துவிட்டால் அது வெறும் எண்களின் கூட்டம். இன்று எண்ணினாலும் பத்து வருடம் கழித்து எண்ணினாலும் அதில் கறுப்புப் புள்ளிகள் அத்தனைதான். ஆனால் நாற்பத்தொன்றாம் படத்தில், வலது நுரையீரலின் மேல் மூலையில் இருந்த கறுப்பு, திங்கட்கிழமை மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு புள்ளி. செவ்வாய்க்கிழமை மூவாயிரத்து நூற்று நாற்பது.

நிரலில் பிழை என்று நினைத்தான். வரி வரியாகப் பார்த்தான். பிழை இல்லை. மற்ற அறுபத்து மூன்று படங்களையும் ஓட்டினான். எல்லாம் பழைய எண்களையே கொடுத்தன. திரும்ப நாற்பத்தொன்று.

மூவாயிரத்து நூற்று எண்பத்தாறு.

ஆய்வுகூடத்தில் வேறு யாரும் இல்லை. மின்விசிறி ஓடவில்லை. ஜன்னலுக்கு வெளியே பட்டப்பகல், மாணவர்கள் சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள். அவனுக்குப் பின்னால், நாற்காலி முதுகுக்கும் சுவருக்கும் நடுவில், யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். நெஞ்சில் சளி கட்டியவர்கள் இழுப்பதுபோல, கரகரவென்று, நீளமாக.

திரும்பினான். சுவர்தான்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போகும்போதுதான் அவனுக்கு உறைத்தது. இழுத்த சத்தம் கேட்டது. விட்ட சத்தம் கேட்கவில்லை.

அது இரண்டாயிரமாம் ஆண்டு செப்டம்பர் மாதம். மேசையில் பரிசோதகர்களின் கடிதம் கிடந்தது. ஆய்வேட்டை ஏற்றுக்கொள்ளலாம், ஒரு குறைதான் என்று எழுதியிருந்தார்கள். நாற்பத்தொன்றாம் நபரின் இரண்டாவது படம் எங்கே?

இரண்டாவது படம் இல்லை. நாற்பத்தொன்றாம் நபரும் இல்லை.

*

தொண்ணூற்றெட்டு மார்ச்சில் அக்கரப்பத்தனைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்துக்கு வான் வண்டியில் எக்ஸ்ரே இயந்திரம் கொண்டுபோனான். தேயிலைத் தொழிற்சாலையில் காய்ந்த தூளைச் சலித்துப் பிரிக்கும் அறையில் வேலை செய்கிறவர்கள் அறுபத்து நான்கு பேர். அந்த அறையில் தூசி காற்றைப் போல எப்போதும் இருக்கும். வருடக்கணக்கில் அதை இழுத்தவர்களின் நுரையீரல் உள்ளே பிய்ந்து, காற்றுப் பைகளாகத் தொங்கும். படத்தில் காற்று கறுப்பு. அந்தக் கறுப்பை டொக்டரின் கண்ணுக்கு முன்பே கம்பியூட்டரால் பிடித்துவிட முடியும் என்று காட்டுவதுதான் அவனுடைய ஆய்வு. அதே ஆட்களை, அதே வேலையில், இரண்டு வருடம் கழித்துத் திரும்பப் படம் எடுக்க வேண்டும். கறுப்பு எவ்வளவு வளர்ந்தது என்று அளக்க வேண்டும்.

தோட்ட டிஸ்பென்சரியின் முன்னறையில் இயந்திரத்தை நிறுத்தினான். பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

“நாடியைத் தூக்கித் தகட்டில வையுங்கோ. மூச்சை நல்லா இழுங்கோ. இழுத்துப் பிடியுங்கோ. அசையாதேங்கோ.”

“ஏய், யாழ்ப்பாணத்து ஐயா ‘பிடியுங்கோ’ங்கிறாரு. மூச்ச எந்தக் கையால புடிக்கிறது?” என்றாள் பூரணி என்பவள்.

“ஒனக்கு எங்கடி மூச்சு இருக்கு? எல்லாம் வாயாடியே தீந்துபோச்சே,” என்றாள் அவளுக்குப் பின்னால் நின்றவள்.

வரிசை முழுவதும் சிரித்தது. சொன்னவளும் சிரித்தாள். சிரிப்பு அவளுக்கு இருமலாக மாறியது. இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. அவள்தான் காளியாயி. நாற்பத்து நான்கு வயது, சலிப்பறையில் இருபத்தொரு வருடம். எண் நாற்பத்தொன்று.

முதல் படம் இருமலில் கலங்கிவிட்டது. கலங்கிய படத்திலும் அது தெரிந்தது. கோழிமுட்டை அளவில் ஒரு காற்றுக் கொப்புளம், வலது நுரையீரலின் உச்சியில். கஜதீபன் டொக்டர் இல்லை. ஆனாலும் புத்தகம் படித்திருந்தான். இப்படிப்பட்டவரை அன்றைக்கே நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். மூச்சை இழுத்து அடக்கினால் கொப்புளம் வெடிக்கலாம். அதுவும் புத்தகத்தில் அதே பக்கத்தில்தான் எழுதியிருந்தது.

“ஐயா, படத்துல ஏதும் இருந்தா சொல்லிடுங்க,” என்றாள் காளியாயி. “டொக்டரையாகிட்ட ஒரு துண்டு எழுதி வாங்கிட்டா, தொரைகிட்ட மலைக்கு மாத்திக் கேட்டுருவேன். கொழுந்து எடுக்கறதுன்னா மழையில நனையணும், அட்டை கடிக்கும். அதுக்கென்ன, காத்தாச்சும் கெடைக்குமே.”

அவள் மலைக்குப் போனால் நாற்பத்தொன்று ஆய்விலிருந்து போய்விடும். அறுபத்து நான்கில் மிக நல்ல உதாரணம் அவள்தான்.

“ஒண்டும் இல்லையம்மா. நல்லா இருக்கு.”

“நல்லா இருந்தா இந்த இருமல் எங்கேருந்து ஐயா வருது?”

“குளிர். கலங்கிப்போச்சு, இன்னொருக்கா எடுப்பம்.”

முதலாவதோடு சேர்த்து நான்கு முறை எடுத்தான். நான்கும் கலங்கின. ஐந்தாம் முறை, “பிடியுங்கோ” என்று சொல்லி அழுத்திய மறு வினாடி வெளியே ஜெனரேட்டர் விக்கியது. அதைப் பார்க்கப் போனான். எண்ணெய்க் குழாயைத் தட்டிச் சரிசெய்தான். கையைத் துடைத்தான். உள்ளே வந்தான்.

அவள் அப்படியே நின்றாள். நாடி தகட்டில். நெஞ்சு நிமிர்ந்து. உதடு கத்தரிப்பூ நிறத்தில். காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் வரிசையில், கங்காணி நிற்கச் சொன்னால் போகச் சொல்லும் வரை நிற்பது அவளுக்குப் பதினாலு வயதிலிருந்து பழக்கம். யாரும் இன்னும் விடச் சொல்லவில்லை. கண் மட்டும் திரும்பி அவனைப் பார்த்தது.

“ஐயோ, விடுங்கோ, விடுங்கோ.”

அவள் வாயைத் திறந்தாள். காற்று வெளியே வந்த சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி லயத்து வீட்டுப் பக்கம் போனாள். மறுநாள் காலையில், இழுப்பு வந்து செத்துப்போனாள் என்று டிஸ்பென்சரியில் எழுதிக்கொண்டார்கள்.

ஐந்தாவது படம் கண்ணாடிபோல் இருந்தது. அசைவில்லை, கலங்கலில்லை. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் முதல் பக்கத்தில் அதைப் போட்டான். மற்ற அறுபத்து மூன்று பேரின் இரண்டாவது படத்தை எடுக்க, இரண்டு வருடம் கழித்து, தான் போகாமல் உதவியாளனை அனுப்பினான். அவள் செத்ததை மட்டும் எங்கும் எழுதவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வான் தோட்டத்துக்குள் ஏறியது. தலவாக்கலை வரை வெயில். அதற்கு மேல் பனி, விளக்குப் போட்டுத்தான் ஓட்ட வேண்டியிருந்தது. தேயிலைச் செடிகள் பாதையின் இரு பக்கமும் இரண்டு வரிசை தெரிந்து மூன்றாம் வரிசையில் மறைந்தன. கண்ணாடியை ஏற்றியிருந்தும் வானுக்குள் தேயிலைத் தூசி மணத்தது. கருகலும் சணல் சாக்கும் கலந்த, மூக்கின் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும் மணம். ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை ஓடாது. அதை அவன் யோசித்தான். பிறகு யோசிக்காமல் இருந்தான்.

அவன் வந்தது காளியாயியின் மகளைப் படம் எடுக்க. தாய்க்கும் மகளுக்கும் எலும்புக்கூடு ஒரே வார்ப்பாக இருக்கும். பழைய படத்தையே திருத்தினால் விலா எலும்புகள் இம்மி பிசகாமல் பொருந்தி, பரிசோதகர் பிடித்துவிடுவார். புதிதாக ஒரு நெஞ்சு வேண்டும். எலும்பு ஏறக்குறையப் பொருந்தினால் போதும். கறுப்பை அவனே போட்டுக்கொள்வான். அடுத்த மாதம் ஆய்வேடு முடிந்துவிடும். ஜனவரியில் இங்கிலாந்து.

டிஸ்பென்சரி வாசலில் கந்தப்பன் காத்திருந்தார். மருந்து கொடுப்பவர்தான். தோட்டத்துக்கு அவர்தான் டொக்டரையா.

“வாங்க சார். என்ன இந்த வாட்டி ஒரே ஆளு? போன வாட்டி திருவிழா மாதிரி கூட்டம் சேத்தீங்க.”

“ஒரு படம்தான் குறையுது.”

“நம்ம காளியாயி மக ஜெயந்தினி உள்ள உக்காந்திருக்கு. தாய் செத்த மறுவாரமே அந்த எடத்துல பேரு பதிஞ்சாங்க. சலிப்பறை. அதுவும் இப்ப இருமுது.” குரலைத் தாழ்த்தினார். “ஏதும் இருந்தா ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க சார். தொரைகிட்ட நான் பேசறேன். வீட்ல விருந்தாளுங்க, நான் போயிட்டு வந்துடறேன். சாவி கதவுலயே இருக்கு.”

பேசும்போது அவர் வாயிலிருந்து ஆவி புகைந்தது. கஜதீபன் வாயிலிருந்தும் வந்தது. சாரதி இயந்திரத்தை இறக்கி ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு, தேத்தண்ணி குடிக்கக் கடைத்தெருவுக்கு வானைத் திருப்பினான். விளக்கு இரண்டும் பனியில் சிவந்து, மங்கி, போய்விட்டன.

முன்னறையில் மர வாங்குப் பலகையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். ஒடுங்கிய தோள். முகத்தைப் பார்த்ததும் அவன் கண்ணை விலக்கினான்.

“என்னத்துக்குய்யா படம்?”

“தாயின்ர நெஞ்சு வருத்தம் பிள்ளைக்கும் வருமோ எண்டு பாக்கத்தான். பயப்பிடாதேங்கோ.”

“அம்மாவுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க.”

அவன் பிலிம் பெட்டியின் மூலையில் ஈயத்தால் செய்த எண்களை ஒட்டினான். நான்கு. ஒன்று. படத்தில் அவை வெள்ளையாக விழும்.

“அன்னைக்கு ராத்திரி அம்மா படுக்கவே இல்ல,” என்றாள் ஜெயந்தினி. கதை சொல்வதுபோல் அல்ல. கடையில் சாமான் கேட்பதுபோல் சொன்னாள். “சுவத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டு ஒரே பேச்சு. ‘ஐயா விடச் சொன்னாரு, வுடத்தான் வரல, வுடத்தான் வரல’ன்னு. விடியிற நேரம் கண்ணு சொருகிருச்சு. நெஞ்சு அப்பகூட எறங்கல. பெட்டியில வெக்கறப்பவும் அப்படியே தூக்கிக்கிட்டு இருந்துச்சு. மூடி சரியா படியல.”

“நேரம் போகுது தங்கச்சி. எழும்பி நில்லுங்கோ.”

அவள் எழுந்து தகட்டில் நாடியை வைத்தாள்.

“பெக்டரி காவல் சாமி ரோதமுனிக்கு சேவல் நேந்துக்கிட்டேன், ஐயா. ரெண்டு வருசமாச்சு.”

“எதுக்கு?”

“நீங்க திரும்பி வரணும்னு.”

“ஏன்?”

“வந்துட்டீங்கல்ல.” தகட்டில் வாய் பட்டு அவள் குரல் மழுங்கிக் கேட்டது. “எடுங்க.”

“மூச்சை இழுங்கோ. பிடியுங்கோ.”

இழுத்த சத்தம் இரண்டு கேட்டது. ஒன்று அவளிடமிருந்து வந்தது, மெல்லிசு. மற்றது அவனுக்கு அருகிலிருந்து வந்தது. கரகரவென்று. நீளமாக.

அழுத்தினான். “விடுங்கோ.”

அவள் விட்டாள். ஆவி புகைந்து தகட்டில் படர்ந்தது. மற்றது விடவில்லை.

*

பின்னால் இருந்த மருந்து வைக்கும் அறைக்கு ஒரே ஜன்னல். அதைக் கறுப்புத் துணியால் அடைத்து ஆணி அடித்திருந்தான். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டான். சிவப்பு பல்பைப் போட்டான். மேசையில் இரண்டு தட்டுகள். முதல் தட்டில் டெவலப்பர். பிலிம் அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து உருவம் கொள்ளும். இரண்டாவதில் ஹைப்போ; அதில் போட்டதும் கறுப்பது நின்றுவிடும். இதை நூறு முறை செய்திருக்கிறான். கைக்குத் தெரிந்த வேலை.

பிலிமை உருவி முதல் தட்டில் விட்டான். பால் நிறம். தட்டை மெல்ல ஆட்டினான். மருந்து ஒரு பக்கம் போய் மறு பக்கம் வரும் சத்தம், வெளியே ஜெனரேட்டர், கூரைத் தகரத்தில் பனி சேர்ந்து சொட்டும் சத்தம், கதவுக்கு அந்தப் பக்கம் அவள் இருமல். ஒவ்வொன்றாக எண்ணி அடுக்கினான். வேறு சத்தம் இல்லை. தூசி மணம் மட்டும் வானுக்குள் இருந்ததைவிடக் கனமாக இருந்தது.

“ஐயா.” கதவுக்கு வெளியே ஜெயந்தினி. “ஏதும் இருக்கா?”

தட்டில் இன்னும் எதுவும் வரவில்லை.

“ஒண்டும் இல்லை. நல்லா இருக்கு. நீங்கள் போகலாம்.”

அவள் போன காலடி கேட்கவில்லை.

தட்டில் விலா எலும்புகள் வந்தன. முதலில் சாம்பலாக, பிறகு சுற்றிலும் கறுத்துத் துலக்கமாக. அவன் குனிந்தான். அகலமான விலா. ஜெயந்தினிக்கு ஒடுங்கிய நெஞ்சு. இது ஆணின் நெஞ்சு. இடது காறை எலும்பில் ஒரு பழைய முறிவு, கோணலாகப் பொருந்தியிருந்தது.

பதினான்கு வயதில் அவன் கோண்டாவில் சந்தியில் சைக்கிளிலிருந்து விழுந்தான். எலும்பு கோணலாகத்தான் பொருந்தியது.

அவன் கை தோளுக்குப் போனது. விரலுக்குக் கீழே அதே கோணல். அதே இடம்.

படத்தின் மூலையில் வெள்ளையாக நாற்பத்தொன்று.

வலது உச்சியில் கறுப்பு. கோழிமுட்டை அளவு. பார்க்கப் பார்க்கத் தேங்காய் அளவு. இடுக்கியால் பிலிமைத் தூக்கி ஹைப்போவில் போட்டான். நிற்க வேண்டும். ஹைப்போவில் நின்றே ஆக வேண்டும்.

நிற்கவில்லை.

முதல் விலா அழிந்தது. இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்று அழியும்போதும் அவன் நெஞ்சுக்குள் ஓர் அறை காலியானது. வலி இல்லை. இடம் மட்டும் உண்டானது. யாருக்கோ ஒதுக்கி வைத்த இடம்.

“ஐயா.” ஜெயந்தினியின் குரல் கதவை ஒட்டிக் கேட்டது. “உள்ள ஒங்களோட யாரு?”

அவன் திரும்பவில்லை.

“அம்மா இழுக்கிற மாதிரியே கேக்குது.”

பின்னால், பிடரிக்கு ஒரு சாண் தூரத்தில், அந்த இழுப்பு. முடியாத இழுப்பு. நீண்டது. இன்னும் நீண்டது. அறையின் காற்று முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஜன்னல் துணி உள்நோக்கி உப்பியது. ஆணி ஒன்று தெறித்தது.

பிறகு நின்றது.

ஜெனரேட்டர் கேட்கவில்லை. சொட்டும் சத்தம் இல்லை. சிவப்பு பல்பு மட்டும் எரிந்தது. எதனால் எரிகிறது என்று தெரியவில்லை.

“விடாதேங்கோ,” என்றான் கஜதீபன். குரல் வந்ததா என்று தெரியவில்லை. “அம்மா. விடாதேங்கோ. நான் எழுதித் தாறன். மகளுக்குத் துண்டு எழுதித் தாறன். மலைக்கு மாத்தச் சொல்லி. இப்பவே.”

பதில் வந்தது.

பிடரியில் முதலில் குளிர். பிறகு சூடு. யாரும் சொல்லாமலே விட்டாள். இரண்டு வருடம் அடக்கிய மூச்சு. அதற்கு முன் இருபத்தொரு வருடம் இழுத்தது. கருகல். சணல். இரும்பு. பழைய இரத்தம். தோளில் தூசி இறங்கியது. கையில். நனைந்த பிலிமின் மேல். மேசையில் விரற்கடை உயரம். மூச்சு முடியவில்லை. வந்துகொண்டே இருந்தது.

அவன் வாயை மூடினான். மூக்கைப் பிடித்தான். அடக்கினான்.

பத்து. இருபது. கதவுக்கு நடந்தான். தாழ்ப்பாளைத் தடவினான். தூசியில் விரல் புதைந்தது. தாழ்ப்பாள் கையில் படவில்லை. மறு பக்கம் ஓர் உடம்பு கதவில் சாய்ந்தது. பலகை முனகியது. அவள் காதை வைத்திருக்கிறாள். தட்டவில்லை. கூப்பிடவில்லை.

முப்பது. சிவப்பு பல்பு பழுப்பானது. நாற்பது. பல்பு தெரியவில்லை. கண்ணை மூடினான். மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான்.

ஐம்பது. முழங்கால் மடங்கியது. இடுப்பு வரை தூசி. வெதுவெதுப்பாக. இப்போதுதான் உலர்த்தியிலிருந்து இறக்கியதுபோல.

ஐம்பத்தைந்து.

முகத்துக்கு நேரே அவள் குனிந்திருந்தாள். தெரியவில்லை. மூச்சு அங்கிருந்துதான் வந்தது.

அறுபது.

அவன் வாய் தானாகத் திறந்தது.